பெயர் வெட்டுபவரின் மகள்

கும்பகோணத்து வீட்டின் பரணில் பழைய பித்தளைப் பாத்திரங்கள் நாற்பதுக்கும் மேல் இருந்தன. அம்மா 2023 ஐப்பசியில் காலமானார். அடுத்த ஆண்டு திதி முடிந்த மறுநாள், நானும் என் மகளும் அவற்றை இறக்கித் துலக்கி, எதை வைத்துக்கொள்வது, எதை யாருக்குக் கொடுப்பது என்று பிரிக்க உட்கார்ந்தோம். புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க, ஒவ்வொன்றின் கழுத்திலும் புள்ளி புள்ளியாகப் பெயர்கள் தெரியத் தொடங்கின. அண்டாவில் கொள்ளுத்தாத்தாவின் பெயர், குடத்தில் பெரிய அத்தையின் பெயர், தவலையில் ‘முருகன் துணை’ என்ற வாசகம். அம்மாவின் பெயர் மட்டும் எந்தப் பாத்திரத்திலும் இல்லை. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் அவர் கையால் வெட்டியவை என்பது எனக்கு மட்டுமல்ல, என் மகளுக்கும் தெரியும். எழுத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

என் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, பாத்திரங்களில் பெயர் வெட்டுபவர். பாத்திரத்துக்குப் பேர்போன ஊரில் அது ஒரு தனித் தொழிலாக இருந்தது. பெரிய கடைத் தெருவில் ஒரு பாத்திரக் கடையின் வாசல் ஓரம் ஒரு சாக்கு, ஒரு சிற்றுளி, ஒரு கைச்சுத்தியல் ஆகியவற்றோடு காலையில் உட்கார்ந்தால் முகூர்த்த நாள்களில் இரவு ஒன்பது மணி வரை எழுந்திருக்க மாட்டாராம். கூலி எழுத்துக் கணக்கில். இதில் ஒரு சண்டை எப்போதும் உண்டு. மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளியைத் தனியாகக் கணக்கிடலாமா, கூடாதா என்பதுதான் அது. எழுத்து முழுவதுமே சிறுசிறு புள்ளிகளால் ஆனது என்பதால், மெய்க்குரிய புள்ளி அவற்றோடு கலந்துவிடாமல் இருக்க அதை மட்டும் அகலமாகவும் ஆழமாகவும் நாலைந்து அடி கூடுதலாக அடித்து வைக்க வேண்டும். ஆகவே அதற்கும் காசு வேண்டும் என்பது தாத்தாவின் கட்சி. புள்ளி எப்படி எழுத்தாகும் என்பது வாடிக்கையாளர்களின் கட்சி. ‘அடி விழுந்தால் கூலி உண்டு’ என்று தாத்தா சொல்வாராம். பெரும்பாலும் தோற்பவரும் அவர்தான்.

அம்மா 1945-இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் தாத்தாவுக்குத் தூக்குச்சட்டியில் காப்பி எடுத்துக்கொண்டு போய், அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம். பத்து வயதில் சுத்தியலைக் கையில் கொடுத்தாராம். அந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது கையைப் பற்றியதே அன்று என்று அம்மா பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். குடத்தின் கழுத்து வளைவானது. வெட்டிய புள்ளியை அழிக்க முடியாது. இடம் போதவில்லை என்று கடைசி எழுத்தை மடக்கிக் கீழே போடவும் முடியாது. எனவே, கடைசி எழுத்து எங்கே போய் உட்காரப்போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகே முதல் புள்ளியை வைக்க வேண்டும். தாத்தா பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு சில நிமிடங்கள் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பாராம். கல்யாண வீட்டார் அவசரப்படுவார்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை உளியைத் தொட மாட்டார்.

அம்மாவின் ஓவியம் இங்கிருந்துதான் தொடங்கியது என்பது என் எண்ணம். அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ‘கை நல்லா வரும்’ என்றே பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு அவருக்குப் பிடிக்காது. கை என்பது சொன்னதைச் செய்யும் வேலையாள். சொல்வது கண் என்பார்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் வீட்டோடு கற்றுக்கொண்டு, அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் ஆகியவற்றை லோயர், ஹையர் என்று வரிசையாக எழுதித் தேறினார். கோடை விடுமுறையில் நடக்கும் தொழிலாசிரியர் பயிற்சியையும் முடித்தார். கும்பகோணத்தில் சித்திரக் கலாசாலை இருந்தும் அங்கே சேர்ந்து படிக்க அவருக்கு வாய்க்கவில்லை. ஆனாலும் அந்தப் பள்ளியின் மேல் அவருக்குச் சொந்தக்காரரைப் போன்ற ஓர் உரிமை இருந்தது, காரணம் கோபுலு. தஞ்சாவூரில் 1924-இல் பிறந்து, இந்த ஊர்ச் சித்திரக் கலாசாலையில் படித்துவிட்டுப் போய், ஆனந்த விகடனில் தஞ்சை மாவட்டத்து மனிதர்களையே ஓடவிட்டவர் அவர். குடுமியும் பஞ்சகச்சமும் வெற்றிலைச் செல்லமும் கொண்ட அந்தப் படங்களைக் காட்டி, ‘பாரு, இந்த மாமாவின் முகத்தில் எத்தனை கோடு இருக்கிறது என்று எண்ணு’ என்பார் அம்மா. எண்ணினால் ஏழோ எட்டோதான் இருக்கும். கோயில் சிற்பங்களை அதே பத்திரிகையில் வரைந்த சில்பியின் பக்கங்களைத் தனியே கிழித்துத் தைத்து, கெட்டி அட்டை போட்டு வைத்திருந்தார். சில்பியிடம் கோடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இருவரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. எது உயர்ந்தது என்று நான் கேட்டால் பதில் வராது. இன்னொரு தடவை பார் என்பார்.

1969-இல் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்து 2003-இல் ஓய்வு பெற்றார். அந்த முப்பத்து நான்கு ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லாப் பள்ளிகளிலும் டிராயிங் பீரியட் என்றால் கணக்கு டீச்சருக்கு எழுதிவைத்த சொத்து என்பது தெரிந்ததுதானே. அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் அம்மாவுக்கு வகுப்பே இருக்காது. அதற்காக வருத்தப்பட்டதைவிட, நான்கு வகுப்புப் பெண்களைச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை தாராசுரத்துக்கு அழைத்துப் போவதற்கு அவர் எடுத்துக்கொண்ட பாடுதான் எனக்கு நினைவிருக்கிறது.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் இராசராசன் காலத்தியது, பன்னிரண்டாம் நூற்றாண்டு. இப்போது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்து (அது 2004-இல்) சுற்றிலும் புல்வெளியும் கம்பிவேலியுமாக இருக்கிறது. எழுபதுகளில் நாங்கள் போனபோது ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அங்கே ஒரே தலையைக் காளையும் யானையும் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. அம்மா உள்ளங்கையால் காளையின் உடலை மறைப்பார், யானை நிற்கும். யானையின் உடலை மறைப்பார், காளை நிற்கும். ‘கையை எடுத்துட்டா ரெண்டும் தெரியுதா, ஒண்ணும் தெரியலையா?’ என்று கேட்பார். பெண்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். எந்தக் கோடு காளைக்குக் கொம்பாகவும் யானைக்குத் தந்தமாகவும் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்களுக்குத்தான் புளியோதரை முதலில் கிடைக்கும். கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் நாயன்மார்களின் கதைகளைச் சொல்லும் சிறுசிறு சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு அன்று முழுவதும் அதையே வரைய வேண்டும் என்பது சட்டம். கோயிலைச் சுற்றிப் பார்க்கவில்லையே என்று யாராவது குறைப்பட்டுக்கொண்டால், ‘கோயில் எங்கேயும் போகாது’ என்பார்.

சுவாமிமலைக்கும் இப்படித்தான் போவோம். அங்கே சிலை வார்க்கும் பட்டறை ஒன்றில் அம்மா கற்றுக்கொண்டு வந்த ஒரு பழக்கம் கடைசிவரை அவரிடம் இருந்தது. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துப் பிசைந்து உருவம் பிடித்து, மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை எல்லாருக்கும் தெரிந்ததே. உருவத்துக்கு அளவு எடுக்க அவர்கள் அளவுகோலைத் தேடுவதில்லை. சிலை எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, அதைச் சாத்திரக் கணக்குப்படி மடிப்பார்கள். மடிப்புக் கோடுகளே முகத்துக்கும் மார்புக்கும் முழங்காலுக்கும் எல்லை. ஒடியோலை என்று அதற்குப் பெயர். உத்தம தசதாளம் என்ற அளவுமுறையில் முழு உருவம் 124 பகுதிகள். சிலை ஒரு சாண் ஆனாலும் ஓர் ஆள் உயரம் ஆனாலும் கணக்கு அதுதான், ஓலைதான் நீளும், குறுகும். அம்மா வகுப்பில் மனித உருவம் வரையச் சொல்லும் நாளில் தென்னங்கீற்றிலிருந்து ஓலைகளைக் கிழித்துக்கொண்டு போவார். பள்ளியின் தென்னை மரத்தை மொட்டையடிக்கிறார் என்று அவர்மேல் ஒரு புகார்கூட எழுதப்பட்டது.

பாட்டும் கூத்தும் அவருக்கு வரைவதற்கு ஒரு சாக்கு என்று அப்பா கேலி செய்வார். அதில் பாதி உண்மை. திருவையாற்று ஆராதனைக்குத் தை மாதக் குளிரில் முதல் பேருந்தில் என்னை இழுத்துக்கொண்டு போவார். தியாகராசர் சமாதியைப் பார்க்கும் முன்பு, அதைக் கட்டுவித்த பெங்களூர் நாகரத்தினம்மாளின் சிலையின் எதிரே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஆராதனையில் பெண்களைப் பாட விடாத காலத்தில் பெண்களுக்கென ஒரு கோஷ்டியைச் சேர்த்துப் பாடிய அந்த அம்மையாரைப் பற்றி ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சொல்வதைப் போலவே சொல்வார். மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவுக்கு ஒருமுறை போயிருந்தோம். ஆண்களே பெண் வேடமும் கட்டும் நாடகம். விடிய விடிய நடக்கும். நான் தூங்கி விழுந்து எழுந்தபோதெல்லாம் அம்மாவின் மடியில் நோட்டு திறந்தே இருந்தது. இருட்டில் தாளைப் பார்க்காமல், மேடையை மட்டும் பார்த்துக்கொண்டு வரைந்துகொண்டிருந்தார். காலையில் பார்த்தால் கைகள் ஓரிடத்தில், தலை வேறிடத்தில், நரசிம்மரின் முகம் தாளின் விளிம்பையும் தாண்டி வேட்டியில் கொஞ்சம். எத்தனையோ சுத்தமான படங்களை வரைந்திருக்கிறார். அவற்றில் எதிலும் இல்லாத உயிர் அந்தப் பக்கங்களில் இருக்கிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. வேட்டி யாருடையது என்று கேட்காதீர்கள்; அப்பா அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. எங்கள் வீட்டில் அது ஓர் இழவு போல நடந்தது என்றால் மிகையாகாது. ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் அதுவரை எழுத்தின் தலைக்கு மேல் தும்பிக்கை வளைத்து நின்றவை. அம்மாவின் கையெழுத்தில் அந்த வளைவுதான் அழகு. பள்ளிச் சுவர்களில் அவர் எழுதிவைத்த பொன்மொழிகளையும், கீழ்வகுப்புகளுக்கு அவர் வரைந்து கொடுத்த படம்போட்ட எழுத்து அட்டைகளையும் அவரே சுண்ணாம்பு பூசி அழித்துப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. ‘யானைக்கே தும்பிக்கையை வெட்டிட்டாங்க’ என்று அப்பாவிடம் சொன்னார். யானை என்ற சொல்லின் கடைசி எழுத்தைத்தான் சொன்னார். தட்டச்சுக்கும் அச்சுக்கும் இது எவ்வளவு வசதி என்று எனக்கு இன்று புரிகிறது; சீர்திருத்தம் சரியானதே என்றுதான் நான் நினைக்கிறேன். அம்மாவும் பள்ளியில் ஒரு நாள்கூடப் பழைய வடிவத்தை எழுதவில்லை. ஆனால் பாத்திரங்களில் பெயர் வெட்டித் தரச் சொல்லி உறவினர்கள் கொண்டுவந்தால் அங்கே தும்பிக்கை இருக்கும். பித்தளைக்கு அரசாணை செல்லாது என்பார். பரண் பாத்திரங்களை நானும் மகளும் பிரித்தபோது இதுவே எங்களுக்குக் குழப்பமானது. பழைய ‘துணை’ இருந்தால் அது தாத்தாவின் காலம் என்று சொல்லிவிட முடியாது. தாத்தாவின் துதிக்கை நேரே ஏறி மடங்கும். அம்மாவுடையது கொஞ்சம் சாய்ந்து, ஏதோ வாசனை பிடிப்பதைப் போல வளையும். அதை வைத்துத்தான் பிரித்தோம்.

இனிச் சொல்லப்போவதை அம்மா இருக்கும்போது எழுதியிருக்க மாட்டேன். என் அம்மா எனக்கு நல்ல ஆசிரியராக இருக்கவில்லை. நான் வரைந்துகொண்டிருப்பேன், பின்னால் வந்து நிற்பார். ஐந்து நிமிடம் பொறுப்பார். பிறகு ‘கொடு’ என்று பென்சிலை வாங்கி, என் கோட்டை அழித்து, அதே இடத்தில் தம் கோட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அந்தக் கோடு சரியாக இருக்கும். சரியாக இருப்பதுதான் தாங்காது. ஆறாம் வகுப்பில் மாவட்ட அளவிலான ஒரு போட்டிக்கு நான் வரைந்த மகாமகக் குளத்துப் படத்தில், மண்டபங்களின் நிழல்கள் எல்லாவற்றையும் இரவோடு இரவாகத் திருத்தி வைத்திருந்தார். பரிசு கிடைத்தது. அதன் பிறகு நான் வரையவே இல்லை. நான் ஏன் நிறுத்தினேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் வங்கி வேலைக்குப் போனேன். இருபது ஆண்டுகள் கையெழுத்துகளைச் சரிபார்த்தேன் என்பதில் ஏதாவது கணக்குத் தீர்ந்திருந்தால் சரி.

2014-இல் அம்மாவுக்கு நடுக்குவாதம் என்று கண்டறியப்பட்டது. மருத்துவருக்கு முன்னதாக அதைக் கண்டுபிடித்தவர் அம்மாதான். பால் கணக்கு நோட்டை எடுத்து வந்து என் முன்னால் விரித்து, ‘இதைப் பாரு’ என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். ஓராண்டில் அவருடைய எழுத்து பாதியாகச் சிறுத்திருந்தது. ஒரே வரிக்குள்ளும் தொடக்கத்தில் பெரிதாகவும் போகப்போகப் பொடியாகவும் இருந்தது. கை இன்னும் நடுங்கத் தொடங்கவே இல்லை. இந்த நோயில் எழுத்து சிறுத்துப்போவது நடுக்கத்துக்கு முன்பே வருவதும் உண்டு என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். நோட்டைக் கொண்டுவந்த நோயாளியைத் தாம் பார்த்ததில்லை என்றும் சொன்னார். அம்மாவுக்கு அதில் சிறிது பெருமைகூட இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

பிறகு நடுக்கமும் வந்தது. தூரிகையை விட்டார். கோலத்தை விட்டார். என் மகள் 2020-இல் கல்லூரி மூடிக் கிடந்தபோது கும்பகோணத்துக்குப் போய் அம்மாவோடு தங்கினாள். அப்போது அவள் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு. இணைய வகுப்பு தொடங்குவதற்கு முன், விடியற்காலையில் அம்மா திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். இவள் வாசலில் கோலம் போட வேண்டும். சிறுவயதிலிருந்து மாவைத் தொடாத பெண் அவள். கையைப் பிடித்துக் காட்டவோ, அழித்துவிட்டுத் தாமே போடவோ அம்மாவால் முடியாது. ஆகவே அவர் சொல்ல வேண்டியிருந்தது.

‘பதினஞ்சு வை. ஊடுபுள்ளி. எட்டுல நிறுத்து.’ அவள் வைத்தாள். நடுவில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8 வரை. மொத்தம் 169 புள்ளிகள். அவள் எண்ணிப் பார்த்து, 13-ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் வருவது என்று வியந்தாளாம். ‘எண்ணாதே, எங்கே இழுக்கப்போறேன்னு பாரு’ என்றாராம் அம்மா. தொலைபேசியில் தினமும் மாலையில் எனக்கு இதெல்லாம் வந்து சேரும். என் மகள் சொன்ன ஒன்று என்னைத் தூங்க விடவில்லை. ‘அம்மாச்சி தப்புன்னே சொல்ல மாட்டேங்கிறாங்கம்மா. அந்த இழை எங்கே போக ஆசைப்படுதுன்னு கேக்கிறாங்க.’ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கியவரா இவர்? முதுமையில் எல்லாரும் கனிந்துவிடுகிறார்கள் என்று சொல்லி இதைக் கடந்துபோக நான் விரும்பவில்லை. என் அம்மா கனிந்தவர் அல்லர். கடைசி மாதம்கூடக் கறிகாய்க்காரரிடம் சண்டை போட்டார். பிடுங்குவதற்குக் கை இல்லாமல் போனதால் வாயால் சொல்ல வேண்டி வந்தது. அப்படிச் சொல்வதற்காக, தாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை வாழ்நாளில் முதன்முறையாகத் தமக்கே விளக்கிக்கொள்ள வேண்டியும் வந்தது. அதுவரை கண்ணிலிருந்து நேரே கைக்குப் போன வழியில் நின்று பார்க்க அவருக்கு நேரமே இருந்ததில்லை.

சிக்குக் கோலத்தில் அவர்கள் இருவரும் கண்டுபிடித்த ஒரு விளையாட்டைச் சொல்ல வேண்டும். நேர்ப்புள்ளிகளை நீள்சதுரமாக வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சாய்வாக இழையை ஓட்டி, ஓரத்தில் திருப்பிக்கொண்டு வந்தால் சில கோலங்கள் ஒரே இழையில் முடியும். சிலவற்றில் இரண்டு மூன்று இழைகள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அம்மா அட்டவணை போலச் சொன்னார். நாலுக்கு ஐந்து என்றால் ஒரே இழை. நாலுக்கு ஆறு என்றால் இரண்டு. ஆறுக்கு ஒன்பது என்றால் மூன்று. சதுரம் பிடிவாதம் பிடிக்கும். பக்கத்துக்கு எத்தனை புள்ளியோ அத்தனை இழை. என் மகள் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய எண்தான் இழைகளின் எண்ணிக்கை என்று சொன்னாள். ஐந்தாம் வகுப்பில் மீ.பெ.கா. என்று படித்தது. கோலத்தைக் கணினி மொழியாக எழுதலாம் என்று சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் எழுபதுகளிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதையும் தேடிப் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள். அம்மா அசரவில்லை. ‘ஏன் அப்படி வருதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா புள்ளி வைக்கிறப்பவே இழை எங்கே முடியும்னு தெரிஞ்சுடும்’ என்றார். பெயர் வெட்டுபவரின் மகள் வேறு எப்படிச் சொல்வார்?

அடுத்த ஆண்டு இவள் கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். அம்மாவின் பேச்சு தணிந்தது, நடை குறுகியது. 2022 கோடை விடுமுறையில் நாங்கள் எல்லாரும் கும்பகோணத்தில் இருந்தபோது, பேத்திக்கு வேலை கிடைத்த செய்தி வந்தது. தனிக்குடித்தனம் போகிற பெண்ணுக்கு ஒரு சொம்பாவது பெயர் வெட்டிக் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொன்னார். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் தாத்தாவின் உளியும் சுத்தியலும் தகரப் பெட்டியிலிருந்து வெளியே வந்து சாப்பாட்டு மேசையின் மேல் இருந்தன. எட்டு ஆண்டுகளாக ஒரு வரிகூட நேராக எழுத முடியாதவர். எழுதத் தொடங்கினால் இரண்டாவது எழுத்திலேயே கை சுருங்கிவிடும்.

சொம்பை மடியில் வைத்துக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். காலை மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் ஆனதும் பேத்தியிடம் மெழுகுப் பென்சிலைக் கொடுத்து, கழுத்தைச் சுற்றி நாலு கோடு நோட்டில் இருப்பதைப் போல மேலும் கீழும் இரண்டு கோடுகள் போடச் சொன்னார். பெயரில் ஐந்து எழுத்துகள். ஐந்துக்கும் இடம் குறித்துக்கொண்டார். பிறகு முதல் எழுத்தை வெட்டினார். ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய இருபது நிமிடம் ஆயிற்று. முடித்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டு, ‘போதும், நாளைக்கு’ என்றார். களைத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். மூன்றாம் நாள்தான் எனக்கு விளங்கியது. எழுதும்போது சிறுத்துக்கொண்டே போவது அடுத்தடுத்த எழுத்துகள்தாம்; முதல் எழுத்து எப்போதும் முழு அளவில் வரும். ஒரு நாளைக்கு ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டால், ஐந்துமே முதல் எழுத்துகள். அந்தச் சொம்பு இப்போது என் மகளிடம் சென்னையில் இருக்கிறது. புள்ளிகள் சில இடங்களில் வழி தவறியிருக்கின்றன. ஐந்து எழுத்துகளும் ஒரே உயரம்.

நான்காவது எழுத்து மெய்யெழுத்து. அன்று புள்ளியை மட்டும் வைக்காமல் விட்டுவிட்டு, ஐந்தாம் நாள் கடைசி எழுத்தை முடித்த பிறகு அதற்குத் திரும்பினார். ஏழோ எட்டோ அடி. வேலை முடிந்ததும் பேத்தியைக் கூப்பிட்டுக் கையை நீட்டினார். எழுத்துக்குப் பத்து ரூபாய் கூலி என்று அவளே முதல் நாள் பேசியிருந்தாள். அவள் ஐம்பது ரூபாயைக் கொடுத்தாள். அம்மா கையை மடக்கவில்லை.

‘அஞ்சு எழுத்துதானே, அம்மாச்சி?’

‘புள்ளி?’ என்றார் அம்மா.

புள்ளி எப்படி எழுத்தாகும் என்று என் மகள் கேட்டாள். தாத்தாவின் கதை அவளுக்கு அப்போது தெரியாது.